கல்லூரியில் பாலியல் தொல்லை: வாயால் சொல்லாதீர்கள், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்

நான் படித்த கல்லூரியில் ஆபீஸ் வராண்டாவில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு ஒன்று இருந்தது. ஸ்காலர்ஷிப் அறிவிப்பு, பஸ் பாஸ் தேதி, ரத்ததான முகாம் எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சளடித்துப் போன ஒரு தாள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற 'உள் புகார்க் குழு' என்று தலைப்பு, கீழே ஆறு பெயர்கள். தலைவர் என்று போட்டிருந்த மேடம் நாங்கள் சேர்வதற்கு முந்தின வருடமே ரிட்டையர் ஆகிவிட்டார். இது எங்களுக்குத் தெரியவந்ததே என் தோழிக்கு அந்தக் குழு தேவைப்பட்ட நாளில்தான்.

லேபில் ஒருவர் அவளிடம் தொடர்ந்து வாலாட்டிக்கொண்டிருந்தார். ரெக்கார்ட் நோட்டை நீட்டும்போது விரலைப் பிடிப்பது, பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்பது, ராத்திரி பதினோரு மணிக்கு 'தூங்கிட்டியா' என்று மெசேஜ். எச்ஓடியிடம், அதாவது துறைத்தலைவரிடம், போய்ச் சொன்னாள். "நான் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன், நீ படிப்பைப் பாரும்மா" என்றார் அவர். கண்டித்தாரோ என்னவோ, அடுத்த செமஸ்டரில் மறுபடி ஆரம்பித்தது. எழுதிக் கொடுக்கலாம் என்று போனபோது, "எப்ப நடந்தது? ஆறு மாசம் ஆகிடுச்சே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது முதல்முறை நடந்த தேதியை. கடைசியாக நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதிலிருந்துதான் புகாருக்கான கெடுவை எண்ண வேண்டும் என்று சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஆள் இல்லை. எச்ஓடியிடம் சொன்னதற்கும் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அதனால்தான் இந்தப் பதிவு. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிறவர்களில் பல பேர் வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் படியேறுகிறவர்கள், இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். இது கொஞ்சம் நீளம், ஆனால் வரிசையாக வைத்திருக்கிறேன்.

முதலில், எந்தச் சட்டம்

ராஜஸ்தானில் ஒரு பெண் ஊழியருக்கு நடந்த கொடுமையை ஒட்டி 1997இல் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லைக்கு விதிமுறை வகுத்து, விசாகா தீர்ப்பைக் கொடுத்தது. இன்றைக்கும் பல பேர் 'விசாகா கமிட்டி' என்றுதான் சொல்கிறார்கள். பிறகு 2013இல் பணியிடத்துக்கான சட்டம் வந்தது. மாணவிகளுக்கு நேரடியாகக் கைகொடுப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். நீங்கள் கல்லூரியில் கேட்க வேண்டியது இதைத்தான். பெயரைச் சொல்லிக் கேட்டாலே எதிரில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், பார்த்திருக்கிறேன்.

தொடுவது மட்டும்தான் தொல்லை என்று நினைக்க வேண்டாம். வேண்டாத கமென்ட், ஆபாசப் படம் காட்டுவது, 'இன்டர்னல் மார்க் என் கையில இருக்கு' என்ற ரீதியில் ஜாடை காட்டுவது, வகுப்பில் கூனிக்குறுக வைக்கும் இரட்டை அர்த்தப் பேச்சு எல்லாமே அதில் வரும். இடமும் வகுப்பறையோடு முடிவதில்லை. கல்லூரி பஸ், தொழிற்சாலை பார்க்கப் போகும் ஐ.வி., கல்ச்சுரல்ஸுக்காக வேறு ஊருக்குப் போன இடம், இவையும் வளாகக் கணக்கில்தான் சேரும். பையன்களுக்கும் திருநர் மாணவர்களுக்கும் நடந்தாலும் கல்லூரி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறை சொல்கிறது. பையன்கள் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தே விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றும் நடக்காதபோதே செய்து வைக்க வேண்டியது

ஜூன், ஜூலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே போர்டில் அந்தக் குழுவின் பட்டியலைத் தேடிப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாகப் பாருங்கள். தலைவர் ஒரு மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். கூடவே ஆசிரியர் இருவர், அலுவலகத் தரப்பில் இருவர், வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் மாதிரிப் பெரிய நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது, குழு சுதந்திரமாக இயங்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி இது. நான் பார்த்த வரையில் அதிகம் மீறப்படுவதும் இதுதான்: யாராவது ஒரு எச்ஓடி நைசாக உள்ளே உட்கார்ந்திருப்பார். மாணவப் பிரதிநிதி விஷயமும் அப்படித்தான், தேர்தல் வைக்காமல் நன்றாகப் படிக்கிற, வாய் திறக்காத பிள்ளையாகப் பார்த்துப் பெயர் போட்டுவிடுவார்கள்.

பட்டியலே இல்லையா? அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள்: குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது, உறுப்பினர்கள் யார் யார், போன வருடம் எத்தனை புகார் வந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். பாதி இடங்களில் மனு போய்ச் சேர்ந்த மறுவாரமே புதுப் பட்டியல் ஒட்டிவிடுவார்கள், அதுவே போதும்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். பாத்ரூம் தாழ்ப்பாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் லேபில் தனியாக நிறுத்தி வைப்பது, மாடிப்படியில் எரியாத ட்யூப்லைட். இதையெல்லாம் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு பிரின்சிபலிடம் கொடுங்கள். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போடாமல் தனிப்பட்ட நம்பருக்கு மெசேஜ் அனுப்புகிற சாருக்கு, 'சார், குரூப்லயே போட்டுடுங்க, எல்லாருக்கும் உதவும்' என்று முதல் தடவையே பணிவாகப் பதில் போட்டு வைப்பது நல்லது. தொல்லையை நிறுத்துவது உங்கள் வேலை என்று சொல்ல வரவில்லை. பின்னால் 'அவளும் பேசினாள்' என்று திருப்புகிறவர்கள் உண்டு, அப்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

வரும் வழி

கும்மிடிப்பூண்டி லோக்கல், பஸ், ஷேர் ஆட்டோ. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் கேட்டைவிட இதுதான் பேஜார். 'ரூட்டு தல' என்று கத்திக்கொண்டு தொங்கி வரும் கும்பல் நடுவில் ஏறி இறங்குவது எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் ஒன்றின் வெறியாட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம். அதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: பஸ்ஸில் தொல்லை நடந்து நீங்கள் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தகவல் கொடுக்க வேண்டும். "அண்ணா, வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று சத்தமாகச் சொன்னாலே பெரும்பாலும் அவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடிவிடுவான். ரயிலில் என்றால் 139. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பில் அவசர பட்டன் இருக்கிறது. சும்மா இருக்கும்போதே இறக்கி, நம்பரைப் பதிந்து வையுங்கள்.

பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. அவனோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, "ஏய், அசைன்மென்ட் எழுதிட்டியா?" என்று தெரிந்தவள் மாதிரிப் பேச்சுக் கொடுங்கள். முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் புரிந்துகொள்வாள். அவள் தனி ஆள் இல்லை என்று அவனுக்கும் புரிந்துவிடும்.

நடந்துவிட்டால், அன்று இரவு

யாரிடம் சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால் எழுதுங்கள். நோட்டில் எழுதினாலும் சரி, உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிக்கொண்டாலும் சரி. மெயிலில் ஒரு லாபம், தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். இப்படி இருந்தால் போதும்:

"ஆகஸ்ட் 4, செவ்வாய். மதியம் சுமார் 3:20. இரண்டாம் மாடி லேப். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கப் போனேன். கதவை ஒட்டி இடது பக்க டேபிள். இடுப்பில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டேன். 'சும்மா விளையாட்டுக்கு' என்றார். வெளியே வந்தபோது வராண்டாவில் ஒரு வகுப்புத் தோழி இருந்தாள், ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்."

என்ன உணர்ந்தீர்கள் என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், முதலில் யார், எங்கே, எப்போது, என்ன சொன்னார், யார் பார்த்தார்கள். அழுததைப் பார்த்த தோழியும் சாட்சிதான். அவளையும் அன்றைக்கே ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். அருவருப்பில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான், தெரியும். நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் பிளாக் செய்யுங்கள். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதனால் 'இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவைப் பத்திரப்படுத்தவும்' என்று மறுநாளே பிரின்சிபலுக்கு எழுதிக் கொடுங்கள், முழுப் புகார் பின்னால் வந்தாலும் பரவாயில்லை.

பலாத்காரம், கடுமையான தாக்குதல் என்றால்

இங்கே எழுதுவது இரண்டாவது. முதலில் ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. எஃப்ஐஆர் போட்டுவிட்டு வா என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. அரசு, தனியார் எதுவானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டீர்களா, அந்தத் துணியைத் துவைக்காமல் பேப்பர் கவரில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். குளித்தாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். கரு உண்டாகாமல் தடுக்கும் மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், சீக்கிரம் ஆரம்பித்தால் அவ்வளவு நல்லது. 'இரு விரல் பரிசோதனை' செய்யக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு.

பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆலோசகர், தங்குமிடம், ஒருங்கிணைந்த சேவை மையம் என்று வழி சொல்வார்கள். மனசு உடைந்து கிடக்கும் இரவுகளுக்கு மனநல உதவி எண் 14416.

குழுவுக்குப் புகார்

எழுத்தில், மூன்று மாதத்துக்குள். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசியாக நடந்த தேதியிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இந்தக் கெடுவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மேல் பேராசிரியர் ஒருவரே கொடுத்த புகாரை, கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடி செய்ததை 2025இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் படித்தவருக்கே அந்தக் கதி.

பெறுநர் இடத்தில் 'தலைவர், உள் புகார்க் குழு' என்று போடுங்கள். எச்ஓடிக்கோ மென்டருக்கோ போட்டால் அது புகாராகவே கணக்கில் வராமல் போகலாம். முன்பு எழுதிவைத்த குறிப்பை அப்படியே விரித்து எழுதுங்கள், சாட்சிகள் பெயர், ஸ்க்ரீன்ஷாட் நகல் இணையுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியும் சீலும் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், வெளியே வந்து தபாலாபீஸில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு, மெயிலிலும் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் எழுதும் நிலையில் இல்லை என்றால் தோழியோ உறவினரோ ஆலோசகரோ அவருக்காகக் கொடுக்கலாம்.

இனிமேல் காலண்டர். ஆகஸ்ட் 11 அன்று கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7 நாளில், அதாவது 18ஆம் தேதிக்குள், எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் 10 நாளில் பதில் தர வேண்டும், ஆகஸ்ட் 28. புகார் வந்ததிலிருந்து 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், நவம்பர் 9. அடுத்த 10 நாளில் அறிக்கை, அது கிடைத்து 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை. கூட்டிப் பார்த்தால் டிசம்பர் 19 ஆகிவிடும். நடுவில் என்ன வருகிறது? பிராக்டிகல், செமஸ்டர் எக்ஸாம். யார் மேல் புகார் கொடுத்தீர்களோ அவரே உங்கள் வைவாவில், வாய்மொழித் தேர்வில், உட்கார்ந்திருப்பார்.

அதனால் புகார்க் கடிதத்திலேயே இடைக்கால நிவாரணம் கேளுங்கள். அவர் என் பேப்பரைத் திருத்தக் கூடாது, எனக்கு மார்க் போடக் கூடாது. என்னையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றுங்கள். அவர் என்னிடமிருந்து விலகி இருக்கும்படி உத்தரவிடுங்கள். எனக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுங்கள். இவை எல்லாம் ஒழுங்குமுறையிலேயே இருப்பவை, கெஞ்ச வேண்டியதில்லை. பிஎச்டி பண்ணுகிறவர்கள் கைடு மேல் புகார் கொடுத்தால் கட்டாயம் கேட்க வேண்டியது இது, இல்லையென்றால் சினாப்சிஸில், அந்த ஆய்வுச் சுருக்கத்தில், கையெழுத்தே விழாது.

'பேசித் தீர்த்துக்கலாம்' என்று இழுப்பார்கள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால்தான் உண்டு, அதிலும் பணம் பேசக் கூடாது. 'நிரூபிக்கலன்னா பொய்ப் புகார்னு உன் மேல ஆக்‌ஷன்' என்று பயமுறுத்துவதும் உண்டு. நிரூபிக்க முடியாமல் போவதும் வேண்டுமென்றே பொய் சொல்வதும் சட்டத்தில் வேறு வேறு. முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

போலீஸ்

குழு வேறு, போலீஸ் வேறு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகலாம், போலீஸுக்குப் போக விரும்பினால் கல்லூரி உதவ வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா: 74 மானபங்கம், 75 பாலியல் தொல்லை, 77 மறைந்திருந்து பார்ப்பது, படம் எடுப்பது, 78 பின்தொடர்வது, 79 பேச்சாலும் சைகையாலும் அவமதிப்பது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும்.

"சிஎஸ்ஆர் போட்டுத் தரேன், போய்ட்டு வாம்மா" என்பார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வந்ததற்கான ரசீது, எஃப்ஐஆர் இல்லை. எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் துணை ஆணையருக்குத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 15100இல் கேளுங்கள்.

உங்கள் பெயரை வெளியிடக் கூடாது, ஆனாலும் நடக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்ஐஆரே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஆகவே உங்கள் எஃப்ஐஆரை நீங்களே எந்த வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிடாதீர்கள், நல்லெண்ணத்தில் போடுகிற நண்பர்களையும் தடுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவி என்றால் வயதைப் பாருங்கள். 18 முடியவில்லை என்றால் அது போக்சோ, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும், கல்லூரிக்குள் பேசி முடிக்கவே முடியாது.

படம், வீடியோ வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பான். 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலேயே புகார் பதியும் வசதியும் இருக்கிறது.

வீட்டில்

பல பேர் புகாரே கொடுக்காததற்குக் காரணம் அவன் மேல் இருக்கிற பயம் இல்லை, 'நாளைலேந்து காலேஜுக்குப் போக வேணாம்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். எல்லோரையும் உட்காரவைத்து ஒரேயடியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவோ சித்தியோ அத்தையோ, பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். புகார் கொடுத்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இப்படி ஆச்சு, நான் எழுதிக் கொடுத்துட்டேன், படிப்பை நிறுத்தாம இருக்கத்தான் கொடுத்தேன்" என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும். என் தோழி அப்படித்தான் கடைசியில் அவள் பெரியம்மாவிடம் சொன்னாள். காசிமேட்டில் மீன் விற்கிற மனுஷி, "இன்னாடி, இத இம்மா நாளா வச்சிக்கினு இருந்த?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளோடு காலேஜுக்கு வந்து நின்றார்.

இதைக் கேட்கிற நண்பர்களே, 'ஏன் அங்க தனியாப் போன' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிற' என்று கேளுங்கள். முடிவு அவளுடையது.

கொடுத்த பிறகு

ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து இழுத்தடிப்பார்கள். அட்டென்டன்ஸ் குறையும். போன செமஸ்டர் 22 வந்த இன்டர்னலில் இந்த முறை 11 வரும். கூடப் படிக்கிறவர்கள் கேன்டீனில் வேறு டேபிளுக்குப் போவார்கள். புகார் கொடுத்தவரையும் சாட்சி சொன்னவரையும் பழிவாங்குவதை ஒழுங்குமுறை தடுக்கிறது, ஆனால் குழுவுக்குத் தெரிந்தால்தானே தடுக்க முடியும். பழைய மார்க் பட்டியலும் புதியதும் அருகருகே ஜெராக்ஸ் எடுத்து, மேலே தேதி போட்டு, அதே குழுத் தலைவருக்கு இன்னொரு கடிதம். இரண்டு பிரதி, ஒன்றில் சீல்.